பால்பல் பிடுங்கிய பிறகு

"எப்படியும் விழப்போகிற பல்தானே, அதற்கு ஏன் இத்தனை கவலை?" குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. 20 பால்பற்களில் முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்குகின்றன என்பது உண்மையே. ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் ஏறக்குறைய 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையாகும் கடைவாய்ப் பல்லுக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் வேலை இருக்கிறது.

ஆகவே, அடைத்தோ வேர்ச் சிகிச்சை செய்தோ பல்லைக் காப்பாற்றவே மருத்துவர் முதலில் முயல்வார். வேரடியில் சீழ் கோத்து ஈறு வீங்கிவிட்டால் நிலைமை வேறு. அந்தச் சீழ், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கக்கூடும். அப்போது பல்லை எடுப்பதே நலம். பிள்ளைக்கு இதய நோயோ, இரத்தம் எளிதில் உறையாத குறையோ இருந்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

பிள்ளையிடம் "ஊசியே போடமாட்டார்கள்" என்று சொல்லி அழைத்துவராதீர்கள். நாற்காலியில் அமர்ந்தபின் அது பொய் என்று தெரிந்தால், அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது. "பல்லைத் தூங்க வைப்பார்கள், கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்" என்பதே போதும்.

பல் எடுத்த இடத்தில் வைக்கும் மடித்த துணியைப் பிள்ளை 20 முதல் 30 நிமிடம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. ஒரு துளி இரத்தம் வாய் நிறைந்த எச்சிலையே சிவப்பாக்கிவிடும். அடிக்கடி துப்புவதும், உறிஞ்சுகுழலால் குடிப்பதும் குழியில் உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும்.

வலியைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மரத்துப்போன உதட்டை. கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டால் உதடும் நாக்கின் ஒரு பாதியும் இரண்டு மூன்று மணி நேரம் உணர்வின்றி இருக்கும். அந்தப் புதுமை பிள்ளைக்கு வேடிக்கையாகத் தோன்றும். வலி தெரியாததால் உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்ளும். மறுநாள் உதடு தடித்து வெள்ளைப் படலம் படர்ந்திருப்பதைக் கண்டு, சீழ் பிடித்துவிட்டதோ என்று பதறி ஓடிவரும் பெற்றோர் உண்டு. பெரும்பாலும் அது சீழன்று, ஆறிவரும் புண். ஓரிரு வாரத்தில் தானே ஆறிவிடும். எனினும் தவிர்க்கக்கூடிய துன்பம் அல்லவா? மரப்பு நீங்கும்வரை மெல்லும் உணவு எதுவும் தராமல், பிள்ளையைத் தூங்கவும் விடாமல் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஆறிய குழைசாதம், தயிர்சாதம், இட்லி தரலாம். ஐஸ்கிரீமும் தரலாம், பிள்ளை இதை நினைவில் வைத்திருக்கும்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். அதன் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. கடைகளில் ஒரே பெயரில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள மருந்தும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் பழைய கணக்கில் ஊற்றினால் அளவு இருமடங்காகிவிடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது குழந்தைகளுக்கு அரிதாக ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோயை உண்டாக்கலாம். குழியில் கிராம்புத் தைலமோ மஞ்சளோ வைக்க வேண்டாம். கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளை மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். இரண்டு மூன்று நாளில் குழியில் தோன்றும் மஞ்சள் கலந்த வெண்மை, சதை ஆறும் அடையாளம்.

அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலும், காய்ச்சல் வந்தாலும் மருத்துவமனையை அழையுங்கள். வீக்கம் கண்ணை நோக்கியோ தாடையின் அடியிலோ பரவினாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும், இரவானாலும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

பிடுங்கிய பல்லின் நீண்ட வேரைக் கண்டு சிலர் திகைப்பதுண்டு. தானாக விழும் பல்லின் வேர், நிரந்தரப் பல் மேலெழும்போதே கரைந்துவிடுகிறது. முன்னதாக எடுத்த பல்லில் அது அப்படியே இருக்கும். சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிய விரும்பும் பாட்டிமார் கேட்டால், கழுவித் தாளில் மடித்துத் தருவார்கள்.

கடைவாய்ப் பால்பல்லை எடுத்தால் கதை அங்கே முடிவதில்லை. ஆறு வயதில் எல்லாவற்றுக்கும் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் அந்த வெற்றிடத்தை நோக்கி நகரும். பின்னர் அங்கே வரவேண்டிய பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும், அல்லது ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்க, பக்கத்துப் பல்லில் ஒரு வளையமும் கம்பியும் ஒட்டி இடத்தைக் காக்கலாம். எந்தப் பல், பிள்ளைக்கு என்ன வயது என்பதைப் பொறுத்து அது தேவையா என்று மருத்துவர் கூறுவார். பொருத்தியபின் ஒட்டும் மிட்டாய்களைத் தவிர்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவர வேண்டும். வளையம் கழன்றால் வீட்டில் ஒட்டிப் பார்க்காமல் சில நாட்களுக்குள் எடுத்துவாருங்கள். நாளானால் பற்கள் நகர்ந்து, அதே வளையம் மீண்டும் பொருந்தாமல் போய்விடும்.