சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் ‘லோ பி.பி.’ ஆவது ஏன்? தடுக்க என்ன வழி?

திருப்பூர்,

சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டதும் தலை சுத்துச்சு, குமட்டிக்கிட்டு வந்துச்சு என்று பனியன் கம்பெனி பெண்கள் பேசிக் கொள்வது உண்டு. இதற்கு பெரும்பாலும் காரணம் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவதுதான்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். அதனால் இது வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அழுத்தம் இறங்குவது ஏன்?

முதுகுத்தண்டு ஊசி 1898-ம் ஆண்டு ஜெர்மனி டாக்டர் ஆகஸ்ட் பியர் தொடங்கி வைத்த முறை. தாய் விழித்திருக்க, இடுப்புக்கு கீழே மட்டும் மரத்து போகும். வலி நரம்புகளோடு, ரத்தக்குழாய்களை இறுக்கி பிடிக்கும் நரம்புகளும் மரத்து விடுவதால் குழாய்கள் விரிகின்றன. கால்களில் ரத்தம் தேங்கி, இதயத்துக்கு திரும்பும் அளவு குறைகிறது.

நிறைமாத கர்ப்பிணி மல்லாந்து படுத்தால், கனமான கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இரண்டும் சேரும்போது சில நிமிடங்களிலேயே அழுத்தம் சரிந்து விடும்.

குழந்தைக்கு என்ன ஆபத்து?

தாயின் ரத்தம் வழியாகத்தான் குழந்தைக்கு ஆக்சிஜன் போகிறது. அழுத்தம் அதிகமாக குறைந்து அப்படியே நீடித்தால் குழந்தையும் திணறும். தாய் சுயநினைவு இழக்கவும் கூடும். உடனே கவனித்தால் சரி செய்து விடலாம்.

டாக்டர்கள் செய்வது என்ன?

ஊசி போடும் நேரத்திலேயே குளுக்கோஸ் பாட்டில் போல தொங்கவிட்டு, உப்பு நீர் வேகமாக ஏற்றுவார்கள். படுத்ததும் வலது இடுப்புக்கு கீழே தலையணை வைத்து அல்லது மேஜையை சாய்த்து, வயிறு இடது பக்கம் சாயும்படி செய்வார்கள். அடிக்கடி பி.பி. பார்ப்பார்கள்.

இருந்தும் குறைந்தால் மருந்து உண்டு. பினைல்எப்ரின், எபெட்ரின், மெபென்டர்மின் ஆகியவை ரத்தக்குழாயை இறுக்கியோ, இதய துடிப்பை கூட்டியோ அழுத்தத்தை ஏற்றுகின்றன. குறைந்த பிறகு பார்ப்பதை விட, ஊசி போட்டதுமே பினைல்எப்ரினை சீராக ஏற்றி தடுப்பதே மேல் என்று 2018-ம் ஆண்டு வெளியான சர்வதேச நிபுணர்கள் பரிந்துரை கூறுகிறது.

கர்ப்பிணிகள் மறக்கக்கூடாதவை

* இதய நோய், பி.பி., சுகர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மருந்து அலர்ஜி, இதற்கு முன் ஊசி போட்டபோது வந்த தொந்தரவு எதையும் மறைக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

* சாப்பாடு, தண்ணீர் எப்போது நிறுத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதை மீறக்கூடாது. பசிக்குதே என்று சொந்தக்காரர்கள் ரகசியமாக ஊட்டினால், வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு.

* தலை சுற்றல், குமட்டல், கண் இருட்டுதல், மூச்சு திணறல் வந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும். பி.பி. கருவி காட்டும் முன்பே உடம்பு சொல்லி விடும்.

* ஒடிசா, பீகாரில் இருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும், தமிழ் தெரியாத பெண்கள், தொந்தரவு வந்தால் கையை எப்படி காட்டுவது என்று நர்சிடம் முன்பே பேசி வைத்துக் கொள்ளலாம்.

* ஆபரேஷன் முடிந்தும் கால் மரத்தது போக சில மணி நேரம் ஆகும். நர்ஸ் சொல்லும் வரை தானாக எழுந்திருக்கக்கூடாது. பாத்ரூம் போக எழும்போது துணை அவசியம்.

முதுகில் ஊசி என்றாலே பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. அழுத்தம் குறைவது எதிர்பார்க்கப்படும் ஒன்றுதான். தாய் உடனே சொல்ல, டாக்டர் உடனே பார்க்க, தாயும் சேயும் நலமாக வீடு திரும்பலாம்.