உஷார்! மூளைப் பகுதியின் கோடு தட்டையாக வந்தால் நம்பிவிடாதீர்கள்

ஈஈஜி, எம்ஈஜி பதிவிலிருந்து மூளையின் எந்த இடம் எப்போது வேலை செய்தது என்று கணக்கிடுகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி எடுத்து ஒரு கோடு வரைந்து வைத்திருப்பீர்களே, அந்தக் கோடு உங்களை ஏமாற்றலாம். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. புரோகிராம் பாட்டுக்கு ஓடி முடிந்துவிடும்.

ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு நடந்ததைக் கேளுங்கள். வலது மணிக்கட்டில் நரம்பைத் தூண்டி எம்ஈஜி பதிவு செய்தாள். சுமார் 20 மில்லிசெகண்டில் இடப்பக்கத் தொடுவுணர்வுப் புறணியில் ஒரு கூர்மையான அலை எழ வேண்டும். சென்சார்களில் அது பளிச்சென்று தெரிந்தது. பிறகு டெசிகன்-கிலியானி வரைபடத்தில், அரைக்கோளத்துக்கு 34 பகுதிகள் உண்டே, அதில் போஸ்ட்சென்ட்ரல் பகுதிக்குச் சராசரி எடுத்தாள். கோடு ஏறக்குறையத் தட்டை! தூண்டல் சரியில்லையோ, படுத்திருந்தவர் தலையை அசைத்துவிட்டாரோ என்று பயந்து, அருமையான பதிவைத் தூக்கி எறிந்துவிட்டாள். பதிவில் ஒரு குறையும் இல்லை. சராசரிதான் அலையைத் தின்றுவிட்டது.

காரணம் மூளையின் மடிப்பு. ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டம் புறணிப் பரப்புக்குச் செங்குத்தாகப் பாய்வதாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறோம். வெளிப்பக்கம் பிளஸ், உள்பக்கம் மைனஸ். போஸ்ட்சென்ட்ரல் மேட்டின் ஒரு சுவர் நெற்றிப் பக்கம் பார்க்கிறது, மறு சுவர் பிடரிப் பக்கம். மினிமம் நார்ம் போன்ற முறைகள் ஒரே அலையை இரண்டு சுவரிலும் பரப்பிவிடும்: ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ். மாதக் கடைசியில் வரவும் செலவும் சரிக்குச் சரி என்றால் மிச்சம் பூஜ்யம்தான். அதற்காக வீட்டில் பணமே புழங்கவில்லை என்போமா?

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே கையை எடுங்கள்.

தனித்தனிப் புள்ளிகளில் அலை பலமாக இருக்கிறது, பகுதியின் கோட்டில் மட்டும் இல்லை. முதல் அபாயம் இதுதான். உச்ச நேரத்தில் குறியோடு ஒரு சராசரி, குறியை நீக்கி ஒரு சராசரி எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்றால் பிளஸும் மைனஸும் அடித்துக்கொண்டுவிட்டன.

சரி, குறியையே நீக்கிவிடலாம் என்கிறீர்களா? வேண்டாம், அவசரப்படாதீர்கள்! அப்புறம் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. வெறும் இரைச்சலும் பிளஸாகச் சேர்ந்து, தூண்டலுக்கு முந்தைய பேஸ்லைனே உயர்ந்து நிற்கும். சோதனையின் ஒரு நிலையில் குறைவான ட்ரையல், இன்னொன்றில் அதிகம் என்றால், குறைவான பக்கம் பொய்யாக ஓங்கித் தெரியும். அதை மூளையின் வித்தியாசம் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும், யோசியுங்கள்.

எம்என்ஈ-பைத்தான் மென்பொருளில் 'மீன் ஃபிளிப்' என்ற வழி இருக்கிறது. பகுதியின் முக்கியத் திசையைக் கண்டுபிடித்து, எதிரே பார்க்கும் புள்ளிகளின் குறியைத் திருப்பிவிட்டுச் சராசரி எடுக்கும். பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் சுப்பீரியர் ஃப்ராண்டல் மாதிரி நீண்ட பகுதியில் ஒரே திசை என்று எதைச் சொல்வது? அதைத் துண்டு போடுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: திருப்பியபின் கிடைக்கும் மொத்தக் குறிக்குத் தனிப்பட்ட அர்த்தம் கிடையாது. ஒருவருக்கு மேலே எழும் அலை இன்னொருவருக்குக் கீழே போகலாம். அப்படியே எல்லாரையும் சேர்த்தால் அலை மறுபடியும் அழியும். ஒரே குறிக்குக் கொண்டுவந்த பிறகு சேருங்கள்.

கோடு துல்லியமாகப் பூஜ்யமா? அந்தப் பகுதிக்குள் புள்ளியே விழவில்லை என்று அர்த்தம். சின்னப் பகுதிகளில் இப்படி நடக்கும். பக்கத்துப் பகுதிகள் இரண்டும் ஒரே கணத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்குகின்றனவா? தொடர்பு என்று குதிக்காதீர்கள், சிக்னல் கசிவாக இருக்கலாம்.

வலிப்பு நோயாளிக்கு அறுவைசிகிச்சை திட்டமிடும்போதும் எம்ஈஜி மூலக் கணிப்பைப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு தட்டைக் கோட்டை நம்புவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வட்டில் இடமில்லை என்று புள்ளிவாரிக் கோப்புகளை அழித்துவிட்டுச் சராசரியை மட்டும் வைத்திருப்பவர்களே, இன்றே நிறுத்துங்கள். ஒருமுறை கூட்டி அழிந்த பிளஸையும் மைனஸையும் அந்த ஒற்றைக் கோட்டிலிருந்து யாராலும் பிரித்தெடுக்க முடியாது.