கப்பல்காரர் தந்த காய் நகர்த்தல்

செஸ் என்றாலே மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், எதிராளியை ஆரம்பத்திலேயே நெருக்கும் புகழ்பெற்ற ஆட்டமுறை ஒன்று, கடலில் உழைத்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதுதான் 'இவான்ஸ் கேம்பிட்'.

வில்லியம் டேவிஸ் இவான்ஸ் 1790-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பிறந்தார். சிறுவயதிலேயே கடல் வேலைக்குப் போய், தபால் கப்பலின் கேப்டனாக உயர்ந்தார். இரவில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க மூவண்ண விளக்கு முறையை உருவாக்கியவரும் இவர்தான். இந்த ஆட்டமுறையை அவர் கண்டறிந்தது 1820-களில்.

ஒரு சிப்பாயின் விலை

இரு தரப்பும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, ஒரு குதிரையையும் ஒரு மந்திரியையும் வெளியே கொண்டு வருகின்றன. நான்காவது நகர்த்தலில் வெள்ளை, பி4 கட்டத்தில் ஒரு சிப்பாயை வெட்டுக்கு வைக்கிறது. கறுப்பு மந்திரி அதை வெட்டினால், சி3-க்கு வரும் சிப்பாய் மந்திரியை விரட்டுகிறது. மந்திரி ஒதுங்கியதும் இன்னொரு சிப்பாய் டி4-ல் வந்து நிற்கிறது. பலகையின் நடுப்பகுதி வெள்ளையின் பிடிக்குள் வருகிறது. கறுப்பு ராஜா கோட்டை கட்டும் முன்பே தாக்குதல் தொடங்கிவிடுகிறது.

கொடுத்த சிப்பாய்க்கு ஈடாகக் கிடைப்பது நேரம். அதை வீணாக்கினால், ஒரு காய் குறைவாக வைத்துக்கொண்டு தோற்க வேண்டியதுதான்.

1852-ல் பெர்லினில் ஆண்டர்சன் வென்ற 'எவர்கிரீன்' ஆட்டம் இந்த முறையில் ஆடப்பட்டதே. பின்னர் இமானுவேல் லாஸ்கர், வெட்டிய சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துத் தாக்குதலைத் தணிக்கும் வழியைக் காட்டினார். பெரிய போட்டிகளில் இந்த முறை அரிதானது.

ஆனந்தையும் வீழ்த்தியது

காலாவதியானது என்று பலரும் ஒதுக்கிய இதை, 1995-ல் ரிகாவில் உலக சாம்பியன் காஸ்பரோவ் எடுத்தார். எதிரே நம் விஸ்வநாதன் ஆனந்த். 25 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது; வென்றவர் காஸ்பரோவ்.

முதுமையில் பார்வை மங்கி, வறுமையில் வாடிய இவான்ஸுக்காக செஸ் ஆர்வலர்கள் நிதி திரட்டினார்கள். 1872-ல் பெல்ஜியத்தில் அவர் இறந்தார். அவருடைய நகர்த்தலை ஆடிப் பார்க்கப் பெரிய செலவில்லை. ஒரு பலகையும் 32 காய்களும் போதும். ஆடுபவர் யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தக் காய்கள் கேட்பதில்லை. செஸ் பழகும் நம் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்வதைவிட, சிப்பாயை எதற்காகக் கொடுக்கிறோம் என்று புரிந்து ஆடிப் பழகுவது நல்லது.