மழை களவாடிய சுண்ணாம்பு

கலப்பில்லாத மழை என்று ஒன்று எங்கும் பெய்வதில்லை. துளி விழும் வழியிலேயே காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைந்து, சோடாவைப் போல மெல்லிய அமிலமாக்கிவிடுகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவில் 7 என்றால் நடுநிலை. மனிதன் கைவைக்காத காற்றில் பெய்யும் மழையே சுமார் 5.6தான் இருக்கும். இந்த எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்றொரு ஆய்வுக் காடு. மழையோடு காட்டுக்குள் என்னென்ன வருகிறது, ஓடையோடு என்னென்ன வெளியேறுகிறது என்று கணக்கெழுத ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் குழுவினர் 1963-இல் அங்கே மழைநீரைப் பிடித்தார்கள். முதல் மாதிரியின் பி.எச். 3.7. இயல்பான மழையைவிட ஏறக்குறைய எண்பது மடங்கு அமிலம்! பக்கத்தில் பெரிய ஆலை எதுவும் இல்லை. பல நூறு கிலோமீட்டர் மேற்கே நிலக்கரி எரித்த அனல்மின் நிலையங்களின் கைவரிசை அது. கந்தக டை-ஆக்சைடு காற்றிலேயே கந்தக அமிலமாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகவும் மாறி வந்து இறங்கின. உள்ளூர்க்காரர்களைப் புகை தொல்லை செய்யக்கூடாதென்று புகைபோக்கிகளை உயரமாகக் கட்டியதில், தொல்லை அயல் மாநிலங்களுக்குப் போனதுதான் மிச்சம்.

அமில மழை என்றதும் இலைகள் பொசுங்குவதாக நினைக்கிறோம். பெரிய சேதம் மண்ணுக்குள் நடக்கிறது. மண் துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தை அமிலம் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவிழ்ந்த கால்சியம் ஓடையோடு போய்விடுகிறது. கால்சியம் தீரத் தீர, அதுவரை சும்மா கிடந்த அலுமினியம் கரைந்து வேர்களையும் மீன்களின் செவுள்களையும் தாக்குகிறது.

1990-இல் அமெரிக்கா சட்டத்தைக் கடுமையாக்கியது. கந்தகம் வேகமாகக் குறைந்தது. ஹப்பர்ட் புரூக் காடு மட்டும் எதிர்பார்த்தபடி தேறவில்லை. அமிலம் வருவது நின்றாலும், போன கால்சியம் திரும்பவில்லையே! பாறை சிதைந்து அதை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். 1999-இல் அந்தக் காட்டின் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில், சுமார் 12 ஹெக்டேர் பரப்பில், கால்சியம் சிலிக்கேட் கனிமத்தை 40 டன்னுக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் சுகர் மேப்பிள் மரங்கள் தழைத்தன. நோய் எதுவென்பதை அதைவிடத் தெளிவாக நிரூபிக்க முடியாது.

வட இந்தியாவில் கதை வேறு. அங்கும் நிலக்கரி ஏராளமாக எரிகிறது. ஆனாலும் தில்லி, ஆக்ரா மழை நெடுங்காலம் பெரிதாக அமிலமாகவில்லை. வறண்ட மண்ணிலிருந்து எழும் புழுதியில் கால்சியம் கார்பனேட் நிறைய உண்டு. அது வானத்திலேயே அமிலத்தை முறித்துவிடுகிறது. நாம் சபிக்கும் புழுதி செய்கிற உபகாரம் இது. புழுதியை மட்டும் அடக்கிவிட்டுக் கந்தகத்தை விட்டுவைத்தால் மழை புளிக்கும்.

பி.எச். எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதிலும் ஆபத்து இருக்கிறது. யூரியா போட்ட வயலிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் எழும் அம்மோனியா ஒரு காரம். மழையில் கரைந்தால் மழையின் அமிலத்தன்மை குறைந்ததாகத்தான் கருவி காட்டும். மண்ணில் இறங்கியபின் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிவருகிறது. அளவு மிஞ்சிய நைட்ரஜனில் சில செடிகள் மட்டும் கொழுத்து, மற்றவற்றை அமுக்கிவிடுகின்றன.

அமெரிக்காவில் இன்று வானிலிருந்து மண்ணில் சேரும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் அம்மோனியா வழி வருவது. புகைபோக்கியில் வடிகட்டி பொருத்தலாம். வயலுக்கும் திறந்த தொழுவத்துக்கும் பொருத்த முடியாது. உரத்தை அளந்து போடுவதும், மண்ணுக்குள் புதைத்துப் போடுவதும், சாணக் குழியை மூடி வைப்பதும்தான் வழி.