எட்டுக்கால் வேடர்கள்

சிலந்தியை நாம் பேச்சு வழக்கில் 'எட்டுக்கால் பூச்சி' என்று அழைக்கிறோம். அந்தப் பெயரின் முதல் பாதி சரி, மறுபாதி தவறு. சிலந்திக்குக் கால்கள் எட்டு என்பது உண்மைதான். ஆனால், அது பூச்சி அன்று. பூச்சிகளுக்குக் கால்கள் ஆறு. உடலில் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். தலையில் இரண்டு உணர்கொம்புகள். பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிறகுகளும் உண்டு. சிலந்தியின் உடலிலோ இரண்டே பகுதிகள். தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்திருக்கும். அதன் பின்னால் வயிறு இருக்கும். உணர்கொம்பும் இல்லை, சிறகும் இல்லை. தேளும் உண்ணியும்தான் அதன் உறவினர்கள்.

உலகில் இதுவரை 50,000க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஏறக்குறைய அவை எல்லாமே பிற உயிர்களைப் பிடித்து உண்பவை. இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. சிலந்தியின் இரை பறக்கும், தாவும், ஓடும். சிலந்தியால் பறக்க முடியாது. உணவை மென்று விழுங்கவும் அதனால் இயலாது. இரையின் உடலைச் செரிமான நீரால் கரைத்து, நீர்மமாகத்தான் அது உறிஞ்ச முடியும். அப்படியானால், அது எவ்வாறு தன் வயிற்றை நிரப்புகிறது?

இந்த ஒரே கேள்விக்குச் சிலந்திகளிடம் பல விடைகள் உள்ளன. அவற்றை அருகருகே காண வேண்டுமானால், வெப்பமண்டலக் காடுகள்தாம் ஏற்ற இடம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் உண்டு. ஆதலால், பூச்சிகளுக்குப் பஞ்சமில்லை. காட்டுத் தரையில் கிடக்கும் சருகு முதல் உச்சிக் கிளை வரை ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சிலந்தி வேட்டைக்குக் காத்திருக்கிறது.

வலை பின்னிக் காத்திருப்பது நாம் நன்கறிந்த முறை. நம் காட்டோரங்களிலும் பூங்காக்களிலும் காணப்படும் பொன்வலைச் சிலந்தி இதில் கைதேர்ந்தது. பெண் சிலந்தியின் உடல் மட்டுமே 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கால்களை விரித்தால் நம் உள்ளங்கை அளவு பெரிதாகத் தோன்றும். அதன் வலை ஒரு மீட்டருக்கும் மேல் அகலமாக விரிந்திருக்கும். வெயில் படும்போது இழைகள் பொன்னிறத்தில் மின்னும். ஆண் சிலந்தியோ மிகச் சிறியது. அதே வலையின் ஓரத்தில் அது ஒண்டிக்கொண்டு வாழும். முதன்முறை பார்ப்பவர்கள் அதைக் குட்டி என்றே எண்ணிவிடுவார்கள்.

சிலந்தி நூல், அதன் வயிற்றில் நீர்மப் புரதமாக இருக்கிறது. வயிற்றின் நுனியில் உள்ள நூற்பு உறுப்புகளின் வழியே இழுபட்டு வெளிவரும்போது அது இறுகி நூலாகிறது. ஒரே எடையுள்ள எஃகு இழையோடு ஒப்பிட்டால், சிலந்தி நூல் அதைவிட வலிமையானது. வட்ட வலையில் எல்லா இழைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நடுவிலிருந்து ஆரங்களைப் போல விரியும் இழைகள் ஒட்டா. அவற்றின் குறுக்கே சுற்றிச் செல்லும் சுருள் இழைகள் ஒட்டும். பூச்சி வந்து சிக்கியதும் வலை அதிர்கிறது. நடுவில் தலைகீழாகக் காத்திருக்கும் சிலந்தி, அந்த அதிர்வைக் கால்களால் உணர்ந்து விரைகிறது. பொன்வலையில் திருடர்களும் உண்டு. வெள்ளித் துளிபோல் மின்னும் சின்னஞ்சிறு சிலந்திகள் சில, சொந்தமாக வலை பின்னாமல் அங்கே குடியேறுகின்றன. பெரிய சிலந்தி கண்டுகொள்ளாமல் விட்ட சிறு பூச்சிகளை அவை உண்டு வாழ்கின்றன.

எல்லாச் சிலந்திகளும் வலையை நம்பி வாழ்வதில்லை. இரவில் நம் வீட்டுச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய பழுப்பு நிறச் சிலந்தியைப் பலர் பார்த்திருக்கலாம். அது வலை பின்னி இரை பிடிப்பதில்லை, ஓடிப் பிடிக்கும். கரப்பான்பூச்சிகள் அதற்கு விருப்பமான உணவு. பெண் சிலந்தி, வட்டமான முட்டைப் பையைத் தன் உடலுக்கு அடியில் சுமந்துகொண்டே திரியும்.

தாவும் சிலந்திகளின் வழி வேறு. அவற்றின் எட்டுக் கண்களுள் முன்னிருக்கும் இரண்டும் மிகப் பெரியவை. கூர்மையான பார்வை உடையவை. பக்கவாட்டில் உள்ள கண்கள் அசைவைக் கவனிக்கும். முன்கண்கள் அது இரையா, எதிரியா என்று ஆராயும். பிறகே சிலந்தி தாவும். அதன் கால்களை நீட்டுவது தசையின் வேலை மட்டுமன்று. உடலில் உள்ள நீர்மத்தைக் கால்களுக்குள் அழுத்தத்துடன் செலுத்தியே சிலந்தி அவற்றை நிமிர்த்துகிறது. பாய்வதற்கு முன் தன் நூலை ஓரிடத்தில் ஒட்டிவிடுவதால், தவறினாலும் அது கீழே விழுந்துவிடாது.

இவ்வகையைச் சேர்ந்த ஒரு சிலந்தியை நம் தாத்தா பாட்டி காலத்துப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். 1960களிலும் 1970களிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சிறுவர்கள் செடிகளுக்கிடையே சண்டைச் சிலந்திகளைத் தேடி அலைந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் இரண்டு இலைகளுக்கு நடுவே அவை குடியிருக்கும். பிடித்த சிலந்தியைத் தீப்பெட்டியில் இட்டு, இன்னொருவனின் சிலந்தியோடு மோதவிடுவார்கள். ஆண் சிலந்திகள் இரண்டும் முன்கால்களை உயர்த்தி விரித்து ஒன்றையொன்று மிரட்டும், பின்பு மல்லுக்கட்டும். வலுக்குறைந்தது பின்வாங்கி ஓடிவிடும். பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்விளையாட்டு, எந்தச் செடியில் எந்த உயிர் வாழும் என்பதையும் அப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது.

வலிமையும் வேகமும் போதாதபோது ஏமாற்றும் கலை கைகொடுக்கிறது. மரங்களில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவந்த முசுறு எறும்பை மலாய் மொழியில் 'கெரங்கா' என்பர். அது கூட்டமாகக் கடிக்கும் என்பதால் பல விலங்குகள் அதை நெருங்குவதில்லை. ஒரு தாவும் சிலந்தி அப்படியே அந்த எறும்பின் உருவத்தைக் கொண்டிருக்கிறது. அதன் உடல் ஒடுங்கியது, நிறமும் சிவப்பு. முன்னிரு கால்களைத் தூக்கி உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டே அது நடக்கும். எறும்பு என்று எண்ணிப் பகைவர்கள் விலகிவிடுவார்கள். நண்டுச் சிலந்தி வகைகளுள் ஒன்று, இலைமேல் விழுந்த பறவை எச்சம்போல அசையாமல் கிடக்கும். எச்சத்தைத் தின்ன யார் வருவார்கள்? ஆனால், எச்சத்தை நாடி ஈக்கள் வரும்.

இவற்றுள் மிகத் தந்திரமானது போர்சியா என்னும் தாவும் சிலந்தி. அதற்குப் பிற சிலந்திகளே இரை. போர்சியா மற்றொரு சிலந்தியின் வலையோரத்தில் நின்று, இழைகளை மெல்ல மீட்டும். பூச்சி ஒன்று சிக்கித் துடிப்பதாக நினைத்து, வலைக்குச் சொந்தமான சிலந்தி நெருங்கி வரும், வந்ததும் பிடிபடும். ஒரு வகை அதிர்வுக்கு அது வராவிட்டால், போர்சியா வேறு வகைகளை முயன்று பார்க்கும். சில வேளைகளில் இரையைக் கண்ணால் காண முடியாத சுற்றுவழியில் சென்று, மேலிருந்து இறங்கித் தாக்கும். கடுகளவு மூளைகூட இல்லாத ஓர் உயிர், வழியை முன்கூட்டியே திட்டமிடுவது ஆய்வாளர்களை இன்றும் வியக்க வைக்கிறது.

ஒரு செடியோடு கூட்டுச் சேர்ந்து வாழும் சிலந்திகளும் உள்ளன. பூச்சிகளைத் தின்னும் கெண்டிச் செடியின் குடுவைக்குள் சில நண்டுச் சிலந்திகள் குடியிருக்கின்றன. குடுவையை நாடி வரும் ஈக்களை அவை பிடித்து உறிஞ்சிவிட்டு, சக்கையை அடியில் உள்ள நீரில் போடும். மிச்சமுள்ள சத்து செடிக்குக் கிடைக்கிறது. ஆகவே, இருவருக்கும் பயனுண்டு.

இத்தனை முறைகளுக்கும் முந்திய ஒன்று, நமக்கு மிகவும் பழக்கமான ஓரிடத்தில் ஒளிந்திருக்கிறது. தைப்பூசத்தின்போது பத்துமலையின் 272 படிகளில் பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் ஏறுகின்றனர். அதே மலையில் கோயில் குகைக்கு அருகில் 'இருண்ட குகை' என்ற மற்றொரு குகை உண்டு. அங்கே கதவுச் சிலந்தி ஒன்று வாழ்கிறது. அதற்கு 1923ஆம் ஆண்டில் பத்துமலையின் பெயரைக் கொண்டே அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அது குகைச் சுவரில் நூலால் ஆன வளை அமைத்து, அதன் வாயைத் திறந்து மூடும் கதவால் மறைக்கும். கதவிலிருந்து சில இழைகள் வெளியே நீண்டிருக்கும். ஏதேனும் ஒரு பூச்சி இழையில் இடறினால் போதும், கதவு திறக்கும், சிலந்தி பாயும், மறுகணம் கதவு மூடிக்கொள்ளும்.

அதன் வயிற்றின் மேற்புறத்தில் பட்டை பட்டையாகத் தகடுகள் உள்ளன. மற்றச் சிலந்திகளிடம் இன்று இத்தகடுகள் இல்லை. இத்தகைய உடலமைப்புள்ள சிலந்திகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. டைனோசர்கள் அப்போது தோன்றியிருக்கவே இல்லை. இந்தப் பழைய குலம் இன்று கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. அதன் பல இனங்கள் ஒரு சில மலைகளையும் குகைகளையும் தவிர வேறெங்கும் வாழ்வதில்லை.

இதுவே நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி. கெண்டிச் செடி அழிந்தால், அதனுள் வாழும் சிலந்திக்கு வீடில்லை. முசுறு எறும்பு இல்லாத இடத்தில், அதைப்போல் வேடமிடுவதில் பயனில்லை. சுண்ணாம்புக் குன்றுகளைச் சிமெண்டுக்காக உடைக்கும்போது, குகையோடு அதில் வாழும் உயிர்களும் மறைகின்றன. பறவையைப்போல் பறந்து சென்று வேறு மலையைத் தேட அவற்றால் இயலாது. ஒரு சிலந்தி இனம் அழிவது, கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான ஒரு வாழும் முறையே அழிவதாகும்.

சிலந்தி என்றாலே நஞ்சு என்று அஞ்சுவோர் பலர். தமிழில் உடலில் வரும் ஒரு வகைக் கட்டிக்கும் 'சிலந்தி' என்றே பெயர் உண்டு. ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு என்பது மெய்தான். ஆயினும், அது பூச்சிகளுக்கென அமைந்த நஞ்சு. மனிதருக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடிய இனங்கள் மிகச் சிலவே. சிலந்தியைக் கையால் பிடிக்கவோ சீண்டவோ வேண்டியதில்லை. கண்டவுடன் துடைப்பத்தை எடுக்கவும் வேண்டியதில்லை. சற்று விலகி நின்று, அது என்ன செய்கிறது என்று கவனித்தாலே போதும். காத்திருக்கிறதா, ஓடுகிறதா, தாவுகிறதா, நடிக்கிறதா என்பது நமக்குப் புரியத் தொடங்கும்.