பப்பாசிப் பாலும் சீரணமும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை மணல் நிலத்திலே பல வளவுகளில் பப்பாசி மரம் நிற்பதைக் காணலாம். முற்றிய இறைச்சியுடன் பச்சைப் பப்பாசித் துண்டுகளைச் சேர்த்துப் பிசறி வைத்தால் அது விரைவில் மென்மையாகும் என்பதை நம் இல்லத்தரசியர் அறிவர். இதற்குக் காரணம் யாது?

காயின் தோலில் ஊறும் வெண்பாலிலே பப்பேன் என்னும் நொதியம் உண்டு. 1879 ஆம் ஆண்டில் வூர்ட்ஸ் என்னும் பிரான்சிய இரசாயன அறிஞரும் அவர்தம் தோழரும் இதற்கு இப்பெயரை இட்டனர். இறைச்சி, மீன், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதத்தைச் சிறு கூறுகளாக உடைப்பதே இதன் தொழிலாகும். சோற்றின் மாப்பொருளையும் எண்ணெயையும் இது உடைக்க மாட்டாது. சீரண மாத்திரைகள் சிலவற்றில் இப்பொருள் சேர்க்கப்படுகின்றது. ஆயின், காய் பழுக்கும்போது பால் வற்றிவிடும். எனவே கனிந்த பழத்தில் பப்பேன் மிகச் சிறிதே. பழம் மலச்சிக்கலை நீக்க உதவுவது அதன் நாரினாலும் நீரினாலுமாம்.

பால் எடுக்கும் முறை

முழுவளர்ச்சி பெற்ற, பழுக்காத பச்சைக் காய்களையே தெரிந்தெடுத்தல் வேண்டும். அதிகாலையில், சுமார் 3 மில்லிமீற்றர் ஆழத்திற்கு, மேலிருந்து கீழாக நான்கு கீறல்கள் இடுக. இதற்கு மூங்கிற் சிம்பு அல்லது துருப்பிடியாத உருக்குக் கத்தி ஏற்றது. இரும்பு பட்டால் பால் நிறங்கெட்டு வீரியமும் குறையும். வடியும் பாலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்துக. நான்கு முதல் ஏழு நாட்கள் கழித்து, முன்னைய கீறல்களுக்கு இடையே மீண்டும் கீறலாம். சேர்த்த பாலை அன்றே 55 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்தில் உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் அடைத்து வைத்தல் வேண்டும். கீறிய காய் வடுப்பட்டிருப்பினும் பழுத்தபின் உண்ணத் தக்கதே.

எச்சரிக்கை

பச்சைப் பால் தோலையும் கண்ணையும் அரிக்கும்; ஆதலால் கையுறை அணிக. சீரணத்திற்கென இப்பாலைக் குடித்தல் ஆகாது; தொண்டையும் உணவுக்குழாயும் புண்படக்கூடும். கருவுற்ற தாய்மார் பச்சைக் காயையும் பாலையும் தவிர்த்தல் வேண்டும். நாட்பட்ட வயிற்று நோவுக்கு வைத்தியரை நாடுதலே தக்கது.

கமக்காரர்களே! இலங்கை ஒருகாலத்தில் பப்பேனைப் பிறநாடுகளுக்கு அனுப்பியதுண்டு. எனினும், வாங்குவோரை முன்னரே உறுதி செய்யாது பாலுக்கெனப் பெருந்தோட்டம் இடாதீர். மாரி வெள்ளம் ஓரிரு நாள் வேரடியில் தேங்கினாலும் பப்பாசி அழுகி மடியும். ஆதலின், மேட்டுப் பாத்தியும் வடிகாலும் அமைத்து, முதலிற் சில மரங்களை நட்டு அனுபவம் பெறுக.