‘விசாரணைக்கு வா’ என்றால் கடிகாரத்தைப் பாருங்கள்!
ராத்திரி பிடித்து காலையில் கைது காட்டும் தில்லுமுல்லு

(நமது நிருபர்)

“சும்மா விசாரணைக்குத்தாம்பா. வந்துட்டு உடனே போயிடலாம்.”

போலீஸ் ஜீப்பில் ஏறியவர்கள் பலரும் முதலில் கேட்ட வார்த்தை இதுதான். அடி, உதை எல்லாம் அப்புறம் வரும் சங்கதி. முதல் தில்லுமுல்லு நேரத்தில்தான் நடக்கிறது.

இரவு 8 மணிக்கு கடையை சாத்தும்போது ஒருவரை அழைத்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சு. மறுநாள் காலை 10 மணிக்கு, “பஸ் நிலையம் அருகே சந்தேகப்படும்படி நின்றவரை மடக்கிப் பிடித்தோம்” என்று எழுதுகிறார்கள். (எல்லா ஊரிலும் அதே பஸ் நிலையம்தான்!)

14 மணி நேரம் காற்றோடு போச்சு. அந்த நேரத்தில் உடம்பில் காயம் பட்டிருந்தால்? “கைதுக்கு முன்னாடியே இருந்தது” என்று சொல்லிவிடலாம் அல்லவா!

24 மணி நேரம் எப்போது தொடங்கும்?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. பிரயாண நேரம் மட்டும் கணக்கில் வராது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறை சட்டத்திலும் (58-வது பிரிவு) இதே கெடுதான்.

ரைட்டர் பேனாவைத் திறக்கும் நேரத்தில் இருந்து கணக்கு தொடங்குமா? இல்லை. ஒருவரைப் போகவிடாமல் நிறுத்தி வைத்தாலே அது கைதுதான், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி என்று 1990-ல் ஒரு கஸ்டம்ஸ் வழக்கில் பம்பாய் ஐகோர்ட்டு கூறியது.

பத்திரிகை செய்தியால் வந்த தீர்ப்பு

1986 ஆகஸ்டில் மேற்கு வங்காள சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே.பாசு, லாக்கப் மரணம் பற்றிய பத்திரிகை செய்திகளை இணைத்து சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்கானது. 10 வருடம் கழித்து, 1996 டிசம்பர் 18-ந்தேதி தீர்ப்பு வந்தது. போலீசாருக்கு 11 கட்டளைகள்.

அதில் முக்கியமானது கைது மெமோ. பிடிக்கும் நேரத்திலேயே எழுத வேண்டும். தேதி, நேரம் இருக்க வேண்டும். வீட்டார் ஒருவரோ, அந்தப் பகுதி பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பிடிபட்டவரும் போட வேண்டும். மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கை மட்டுமல்ல, கோர்ட்டு அவமதிப்பு வழக்கும் பாயும்.

ஸ்டேஷனில் ஆள் குறைவு, பந்தோபஸ்து வேலை ஓயவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு மெமோ எழுத எத்தனை பேர் வேண்டும்?

சாத்தான்குளம்

2020 ஜூன் 19-ந்தேதி, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். ஊரடங்கில் நேரம் கடந்தும் கடை திறந்திருந்ததாகச் சொல்லி செல்போன் கடைக்காரரை போலீசார் கொண்டுபோனார்கள். அப்பாவைத் தேடிப் போன மகனும் உள்ளே. மறுநாள் கோவில்பட்டி கிளை ஜெயில். 22-ந்தேதி இரவு மகன் இறந்தார். 23-ந்தேதி காலை அப்பா.

ஸ்டேஷன் கேமரா பதிவு என்னாச்சு? தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட்டு அறிக்கை கொடுத்தார். ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டில் எடுக்கும்படி மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது. சி.பி.ஐ. 9 போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அதே வருடம் டிசம்பரில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லையென்றாலும் ஒரு வருடத்துக்குக் குறையக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

கடைக்காரர்களே, கவனம்!

மெமோவில் சாட்சிக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள். தெரிந்த ஏட்டு, தினமும் டீ குடிக்கிறவர், “அண்ணாச்சி, ஒரு கையெழுத்து” என்பார். வெற்றுத்தாளாக இருந்தால் வேண்டாம். நேரம் எழுதியிருக்கிறதா, நீங்கள் பார்த்த நேரம்தானா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் சரியான நேரத்தை உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் பிடித்த நேரத்தைக் குறித்து வைத்து, உடனே வக்கீலிடம் சொல்ல வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவிக்கு போன் நம்பர் 15100.